பற்றரி விலைக்கழிவுக் கடதாசியில் கையெழுத்து வைக்க முதல்

வீட்டுச் சோலார் பற்றரிக்கு அவுஸ்திரேலிய அரசு கொடுக்கும் விலைக்கழிவு பற்றி என்னிடம் கதைப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள்: "எங்கே அப்ளை பண்ணுவது?" எங்கேயும் அப்ளை பண்ணத் தேவையில்லை. வருமான விபரம் கேட்கமாட்டார்கள். அரச உதவிப்பணம் கொடுக்கும் சென்ரலிங்கில் போய் நிற்கவும் வேண்டாம். அரசிடமிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்குக் காசு வரப்போவதும் இல்லை. பற்றரி பூட்டும் கொம்பனி தருகிற விலையிலேயே கழிவைக் கழித்துவிடுவார்கள். அதற்கு ஈடாக நீங்கள் ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கிறீர்கள்.

அந்தக் கடதாசியில் நீங்கள் எழுதிக் கொடுப்பது ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான உங்கள் உரிமை. அது எவ்வளவு பெறும் என்று தெரிந்துகொண்டு கையெழுத்து வைத்தவர்களை நான் மிகக் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். அதுவும் மேற்குச் சிட்னியில் எங்கள் பக்கத்தில், ரூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வேர்த்வில் என்று தமிழ்ச் சனம் நிறைய இருக்கும் இடங்களில், பிள்ளைகள் வேலைக்குப் போன நேரத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களிடம் ரப்லெற்றை நீட்டிக் கையெழுத்து வாங்கிப் போகிறார்கள். இது எனக்கு மிகவும் மனவருத்தமாக இருக்கிறது. நான் ஒரு பாடசாலை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். பில்லையும் கொட்டேசனையும் வரிவரியாக வாசிப்பது என் அன்றாட வேலை. 2026 பெப்ரவரியில் எங்கள் வீட்டிலும் பற்றரி பூட்டினோம். அதனால் எனக்கு விளங்கியதை ஆறுதலாக எழுதி வைக்கிறேன்.

திட்டம் 2025 ஜூலை 1 அன்று தொடங்கியது. 'சீப்பர் ஹோம் பற்றரீஸ்' என்பது அதன் பெயர். ஆனால் உள்ளே ஓடுவது 2011 இலிருந்து கூரைச் சோலாருக்கு இருந்துவரும் அதே ஏற்பாடுதான். நீங்கள் பற்றரி பூட்டினால் அதற்கு இத்தனை சான்றிதழ் என்று உருவாகும். எஸ்டிசி என்று சொல்வார்கள். அதை நிர்வகிப்பது கிளீன் எனர்ஜி ரெகுலேற்றர் என்ற மத்திய அரசு நிறுவனம். சான்றிதழுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்காரரான நீங்கள். நீங்களே அவர்களுடைய பதிவேட்டில் கணக்குத் திறந்து, சான்றிதழை உருவாக்கி விற்கலாம். பூட்டிப் பன்னிரண்டு மாதத்துக்குள் செய்ய வேண்டும். ஆனால் அப்படிச் செய்வதென்றால் பற்றரியின் முழு விலையையும் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும். அதனால் அநேகமாக எல்லோரும் சான்றிதழ்களைக் கொம்பனிக்கோ அதன் முகவருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பெறுமதியை விலையில் கழித்துக்கொள்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதில் பிழை ஒன்றும் இல்லை. எத்தனை சான்றிதழ், ஒன்றுக்கு என்ன விலை என்ற இரண்டு எண்களும் கொட்டேசனில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எண்ணிக்கையை நீங்களே கணக்குப் பார்க்கலாம். பற்றரியின் பாவிக்கக்கூடிய கொள்ளளவை எடுங்கள். பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது சில வேளை மொத்தக் கொள்ளளவாக இருக்கும். பாவிக்கக்கூடியது அதைவிடக் கொஞ்சம் குறையும். ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது பில்லில் வரும் ஒரு யுனிற்றுக்கு, 2025 இல் 9.3 சான்றிதழ் கொடுத்தார்கள். 2026 ஜனவரியிலிருந்து ஏப்ரல் முடிய 8.4. பெருக்கி வருவதில் தசமத்தைக் கழித்துவிடுங்கள். எங்கள் பற்றரி பாவனைக்கு 15 யுனிற் கொள்வது. 15 ஐ 8.4 ஆல் பெருக்கினால் 126. ஒரு சான்றிதழின் உச்ச விலை 40 டொலர். சந்தையில் அதற்குக் கொஞ்சம் கீழே போகும். முகவரும் தன் செலவுக்கு ஒரு தொகை எடுப்பார். எங்களுக்கு 38 டொலர் தந்தார்கள். 126 ஐ 38 ஆல் பெருக்கினால் 4,788 டொலர். 12,900 டொலர் கொட்டேசன் 8,112 ஆக இறங்கியது. ஜிஎஸ்ரி வரி, கழிவுக்கு முந்திய முழு விலைக்குத்தான் போடப்படும். இறுதித் தொகையில் பத்து வீதம் என்று தேடினால் கணக்கு ஒத்துவராது.

இதே பற்றரிக்கு இன்னொரு கொம்பனி தந்த கொட்டேசனில் 'அரசு கழிவு' என்று ஒரு மொத்தத் தொகை மட்டும் இருந்தது. சான்றிதழ் எண்ணிக்கை இல்லை. நான் 126 ஆல் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுக்கு 33 டொலர் வந்தது. கேட்டபோது, "எல்லாம் சேர்த்துத்தான் விலை" என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். வேலைக்கூலியைக் குறைத்துச் சான்றிதழில் எடுத்தால் எங்களுக்கு நட்டமில்லை. ஆனால் அந்தக் கொட்டேசனில் வேலைக்கூலியும் குறையவில்லை. இறுதி விலையை மட்டும் பார்த்து இரண்டு கொட்டேசனை ஒப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரே பற்றரி, ஒரே வேலை என்றால் அது சரி. இரண்டிலும் பற்றரி வேறு, அளவு வேறு, மின்தடைக்கான இணைப்பு ஒன்றில் இருக்கும் மற்றதில் இருக்காது என்று வரும்போது உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது அளவு. இதில்தான் சனம் கூடுதலாக ஏமாறுகிறது என்பது என் எண்ணம்.

எங்கள் வாசலுக்கு வந்த ஒரு விற்பனையாளர் 40 யுனிற் பற்றரியைத்தான் முதலில் காட்டினார். "அரசாங்கம் 12,000 டொலருக்கு மேலே தருது, பெரிதாக எடுத்தால் கூடுதல் லாபம்" என்றார். கணக்கு அவர் சொன்னது போலத்தான்: 40 ஐ 8.4 ஆல் பெருக்கினால் 336 சான்றிதழ். ஆனால் எங்கள் கூரையில் இருப்பது 2018 இல் பூட்டிய 6.6 கிலோவாட் சோலார். சிட்னியில் அந்த அளவுக் கூரை வருடச் சராசரியாக ஒரு நாளைக்கு 25 யுனிற் வரை தரும். கோடையில் முப்பதைத் தாண்டும். ஜூன் மாதத்தில் பதினைந்து, பதினாறோடு நின்றுவிடும். அதில் பகல் பாவனை போக மிஞ்சுவதுதான் பற்றரிக்குள் போகும். எங்கள் கூரை நல்ல கோடை நாளில்கூட 40 யுனிற் பற்றரியை நிரப்பாது. அரசு எவ்வளவு கழித்தாலும், மிச்சக் காசு எங்களுடையது. நிரம்பாத கொள்ளளவுக்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? மின்சாரக் கார் இருந்தால், அல்லது மத்தியானத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கரன்ற் தரும் திட்டத்தில் இருந்தால் கணக்கு வேறு. எங்களிடம் இரண்டும் இல்லை.

அளவைத் தீர்மானிக்க விற்பனையாளர் தேவையில்லை. மின்பில்லில் என்எம்ஐ என்று உங்கள் மின் இணைப்புக்கான ஒரு இலக்கம் இருக்கும். ஸ்மார்ட் மீற்றர் உள்ள வீடென்றால், உங்கள் மின்சாரக் கொம்பனியிடமோ, கம்பிகளைப் பராமரிக்கும் நிறுவனத்திடமோ அந்த இலக்கத்தைக் கொடுத்து அரை மணிக்கொரு தடவை பதியப்பட்ட பாவனை விபரத்தைக் கேட்டு வாங்கலாம். எங்கள் பக்கம் கம்பி எண்டவர் எனர்ஜியினுடையது. விபரம் ஒரு எக்செல் தாளில் திறக்கும். நான் ஒரு வருட விபரத்தை எடுத்து, பின்னேரம் 4 மணியிலிருந்து அடுத்த நாள் காலை 8 மணி வரை கிரிட்டிலிருந்து, அதாவது வெளிக் கம்பியிலிருந்து, எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்று கூட்டினேன். பெரும்பாலான நாட்களில் 11 இலிருந்து 14 யுனிற்றுக்குள் இருந்தது. மகனும் கணவரும் வீட்டில் இருக்கும் விடுமுறை நாட்களில் ஏசி ஓடினால் கொஞ்சம் கூடும். பகலில் நாங்கள் வெளியே தள்ளிய சோலார் மின்சாரம் குளிர்கால இரண்டு மாதங்களைத் தவிர அதைவிட அதிகம். ஆகவே 15 யுனிற் போதும் என்று முடிவெடுத்தோம்.

பற்றரி ஏன் தேவைப்பட்டது என்பதும் அதே தாளில் இருக்கிறது. வெளியே தள்ளிய யுனிற்றுக்கு எங்களுக்குக் கிடைத்தது 5 சதம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் விலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐபார்ட், 2025–26 இற்கு நியாயமான விலை என்று வெளியிட்டதே 4.8 இலிருந்து 7.3 சதம் வரைதான். 2010 இல் இதே மாநிலத்தில் யுனிற்றுக்கு 60 சதம் கொடுத்தார்கள். அந்தத் திட்டம் 2016 கடைசியோடு முடிந்துவிட்டது. அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டு இன்னும் சிலர் 'சோலார் பூட்டினால் பில்லே வராது' என்கிறார்கள். இன்று மத்தியானத்தில் எல்லோருடைய கூரையும் ஒரே நேரத்தில் உற்பத்தி செய்கிறது. நாட்டில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் சோலார் இருக்கிறது. அந்த நேரத்து மின்சாரத்துக்குப் பல நாட்களில் சந்தையில் விலையே இல்லை. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு நாங்கள் சமைக்கத் தொடங்கும்போது உச்ச விலை, எங்கள் பில்லில் யுனிற் 52 சதம். 5 சதத்துக்குக் கொடுத்ததை 52 சதத்துக்குத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் கணக்கில் வருடத்துக்கு 1,200 டொலர் அளவில் மிஞ்சும். ஆறேழு வருடத்தில் போட்ட காசு திரும்பும். பற்றரிக்கு உத்தரவாதம் பத்து வருடம். இது பெரிய லாபம் என்று சொல்லமாட்டேன், நியாயமான கணக்கு என்று சொல்வேன்.

இப்போது 2026 மே 1 பற்றிச் சொல்ல வேண்டும். இதை வைத்துத்தான் எல்லோரையும் அவசரப்படுத்துகிறார்கள்.

திட்டம் தொடங்கியபோது அரசு ஒதுக்கியது 2.3 பில்லியன் டொலர். கூரைச் சோலாரின் சான்றிதழ்ச் செலவு எல்லோருடைய மின்பில்லிலும் போய் ஏறுவது. பற்றரிச் சான்றிதழ் அப்படியில்லை, அதற்கான காசை மத்திய அரசே தன் கையிலிருந்து போடுகிறது. சனம் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பற்றரிகளாகப் பூட்டத் தொடங்கியதால் ஒதுக்கிய காசு கெதியாகக் கரைந்தது. ஆறு மாதத்துக்குள் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பற்றரிகள். 2025 டிசம்பரில் எரிசக்தி அமைச்சர் கிறிஸ் போவன் ஒதுக்கீட்டை 7.2 பில்லியன் அளவுக்குக் கூட்டுவதாக அறிவித்தார். கூடவே விதியையும் மாற்றினார். 2026 மே 1 இலிருந்து யுனிற்றுக்கு 8.4 சான்றிதழ் என்பது 6.8 ஆகிறது. முதல் 14 யுனிற்றுக்கு மட்டும் முழுதாகக் கிடைக்கும். 14 இலிருந்து 28 வரை அதில் 60 வீதம், 28 இலிருந்து 50 வரை 15 வீதம். அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று குறைந்துகொண்டு போய் 2030 முடிவோடு நின்றுவிடும்.

ஆக, வாசலுக்கு வந்தவர் காட்டிய 40 யுனிற் பற்றரிக்கு 2026 ஏப்ரல் முடிய 336 சான்றிதழ். மே மாதம் 164. ஒன்றுக்கு 38 டொலர் வைத்தால் 12,768 டொலர் 6,232 ஆகிறது. பெரிய பற்றரி விற்பவர்கள் ஏன் இப்படி ஓடித்திரிகிறார்கள் என்பது இதில் தெரியும். எங்கள் 15 யுனிற் பற்றரிக்கு 126 இருந்த இடத்தில் 99. வித்தியாசம் 1,026 டொலர். அது சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்த ஆயிரத்தைப் பிடிப்பதற்காகத் தெரியாத கொம்பனியிடம், வடிவாகப் பாராமல், தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய பற்றரியை வாங்கினால் அதைவிடக் கூட நட்டம். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. ஒரு சாதாரணக் குடும்பத்துக்குத் தேவையான அளவுக்கு முழு உதவி, அதற்கு மேலே குறைவு என்பதுதான் நியாயம். பொதுக்காசு, கூடுதலான வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

வேறு நிபந்தனைகள் அதிகம் இல்லை. பற்றரி புதிதாக, 5 இலிருந்து 100 யுனிற் வரையான கொள்ளளவோடு இருக்க வேண்டும். கிளீன் எனர்ஜி கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்த மாதிரி இருக்க வேண்டும். வீட்டில் சோலார் இருக்க வேண்டும், அல்லது சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டுகிறவர் சோலார் அக்ரெடிற்றேசன் அவுஸ்திரேலியாவில் பதிந்தவராக இருக்க வேண்டும். அவருடைய இலக்கத்தை வாங்கி நீங்களே இணையத்தில் பார்க்கலாம். கேட்டதும் தராதவரை விட்டுவிடுங்கள்.

வாசலுக்கு வந்து "நாங்கள் அரசாங்கத் திட்டத்திலிருந்து வருகிறோம்" என்று சொல்பவர்களைப் பற்றி ஒரு விஷயம். அரசு இந்தத் திட்டத்துக்கு ஒருவரையும் வீடு வீடாக அனுப்புவதில்லை. கழுத்தில் அட்டை தொங்கினாலும் அவர் ஒரு கொம்பனியின் விற்பனையாளர். இப்படி நீங்கள் கேட்காமல் வாசலில் அல்லது போனில் வந்து விற்றால், ஒப்பந்தத்தை எந்தக் காரணமும் சொல்லாமல் பத்து வேலை நாட்களுக்குள் ரத்துச் செய்ய அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் இடம் கொடுக்கிறது. தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு இதைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

எங்கே பூட்டுவது என்பது நாங்கள் எதிர்பாராத அளவுக்கு நேரம் எடுத்தது. பற்றரி வைக்கும் இடத்துக்கு ஒரு நியமம் இருக்கிறது, ஏஎஸ் 5139 என்று. கூரைக்குள் வைக்க முடியாது, படிக்கட்டுக்குக் கீழே வைக்க முடியாது. யன்னல், வாசல், ஏசியின் வெளிப்பெட்டி, சுடுதண்ணித் தாங்கி இவற்றிலிருந்து 600 மில்லிமீற்றர் தள்ள வேண்டும். சுவரின் மறுபக்கம் ஆட்கள் இருக்கும் அறை என்றால் இடையில் தீப்பிடிக்காத பலகை அடிக்க வேண்டும். முதல் வந்தவர் மீற்றர்ப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். கம்பி நீளம் குறையும், செலவும் குறையும். ஆனால் அந்தச் சுவருக்கு மறுபக்கம் என் மாமியின், அதாவது கணவரின் அம்மாவின், கட்டில். பலகை அடித்தால் சட்டப்படி சரிதான், எனக்கு மனம் ஒப்பவில்லை. அதோடு அது மேற்குப் பார்த்த சுவர். ஜனவரி மாதம் மத்தியானத்துக்குப் பிறகு கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் பற்றரியின் ஆயுளும் குறையும். கடைசியில் கராஜுக்குள், கார் வந்து இடிக்காமல் முன்னால் ஒரு இரும்புத் தூண் நட்டு வைத்தோம். மேலதிகக் கம்பிக்குக் கொஞ்சம் காசு போனது. நல்ல காசு.

பூட்டும் நாளில் வீட்டில் நில்லுங்கள். பதிந்த மின்வேலையாள் நேரில் வர வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில், நடுவில், முடிவில் அவர் அந்த இடத்தில் நின்று இடமும் நேரமும் பதியும்படி படம் எடுக்க வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் ஒருவர், வேலைக்கு வேறு ஒருவர் என்று நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் அது. எங்களுக்கு வந்தவர் நல்ல மனிதர். ஒவ்வொரு பெட்டியின் தொடர் இலக்கத்தையும் எனக்குக் காட்டித்தான் படம் எடுத்தார். நான் சான்றிதழ் எழுதிக் கொடுக்கும் கடதாசியை அன்று பின்னேரம், தொடர் இலக்கங்கள், பூட்டிய திகதி, சான்றிதழ் எண்ணிக்கை எல்லாம் நிரம்பியிருப்பதைப் பார்த்த பிறகு கையெழுத்து வைத்தேன். கொட்டேசன் தந்த நாளிலேயே வெறுமையாக ஒன்றை அனுப்பி "இப்போதே வைத்துவிடுங்கள், வேலை கெதியாக நடக்கும்" என்று அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். மாட்டேன் என்று எழுதினேன். வேலை ஒன்றும் பிந்தவில்லை. மின்வேலை ஒழுங்காக நடந்ததற்கான சான்றிதழ், கம்பி நிறுவனத்தின் அனுமதி, உத்தரவாதக் கடதாசி இவற்றின் பிரதிகளை வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுக் காப்புறுதிக் கொம்பனிக்கும் பற்றரி பூட்டியதை அறிவித்தோம்.

மின்தடை நேரத்தில் பற்றரி தானாக வேலை செய்யும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தனி இணைப்பு. கேட்டால்தான் போடுவார்கள். சோலாருக்கும் இதே கதைதான். ஊரில் கரன்ற் போனால், கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும். நட்ட நடு வெயிலிலும் வீடு இருட்டுத்தான். எங்களுக்கு இந்த இணைப்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது மாமி. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரன்ற் இல்லாமல் இருந்தவர். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைக்காமல், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்து அந்த வெளிச்சத்தில் என் கணவரைப் படிப்பித்தவர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட வீடு அது. "காசு கூட என்றாலும் பரவாயில்லை, பிரிட்ஜில் என்ரை இன்சுலின் இருக்குது" என்றார். அதற்கு மேல் எங்களுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பிரிட்ஜ், லைற், இன்ரநெற், மாமியின் அறைச் சொக்கற் இவை நான்கையும் அந்த இணைப்பில் சேர்த்தோம். இருபது வீதம் எப்போதும் பற்றரியில் மிஞ்சி இருக்கும்படி வைத்திருக்கிறோம்.

விபிபி என்று ஒன்று கேட்பார்கள். பல வீட்டுப் பற்றரிகளை ஒன்றாகச் சேர்த்து, கிரிட்டுக்குத் தேவையான நேரத்தில் அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு. கழிவு கிடைப்பதற்குப் பற்றரி அதில் சேரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் மத்திய அரசின் நிபந்தனை. நீங்கள் சேர்ந்தே ஆக வேண்டும் என்று இல்லை. சேர்ந்தால் எங்கள் மாநிலத்தில் தனியாக ஒரு ஊக்கத்தொகை இருக்கிறது. நாங்கள் இன்னும் சேரவில்லை. மாமியின் இருபது வீதத்தைத் தொடமாட்டோம் என்று எழுத்தில் தருகிற ஒப்பந்தம் கிடைத்தால் சேருவோம்.

எனக்கு மனதில் உறுத்துகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் திட்டம் சொந்த வீடும் சொந்தக் கூரையும் உள்ளவர்களுக்கானது. வெஸ்ற்மீட் அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருக்கும் இளம் குடும்பங்கள், புதிதாக வந்தவர்கள், மாணவர்கள் யாருக்கும் இதில் ஒன்றும் இல்லை. மின்பில் அவர்களுக்குத்தான் கூடக் கடிக்கிறது. 2026 ஜூலையிலிருந்து 'சோலார் ஷெயரர்' என்ற பெயரில், ஸ்மார்ட் மீற்றர் உள்ள வீடுகளுக்கு மத்தியானத்தில் குறைந்தது மூன்று மணி நேரம் இலவச மின்சாரம் தரும் திட்டம் நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்குக் குயீன்ஸ்லாந்து, தென் அவுஸ்திரேலியா ஆகிய இடங்களுக்கு வருகிறது. கூரை இல்லாதவர்களும் அதில் சேரலாம். வாடகை வீட்டில் இருக்கும் உங்கள் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள். உடுப்புத் தோய்ப்பதையும் சுடுதண்ணியையும் அந்த நேரத்துக்கு மாற்றினாலே கொஞ்சம் மிஞ்சும்.

போன மாதம் வெள்ளிக்கிழமை முருகன் கோவிலில் பெண்டில் ஹில் அங்கிள் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, ஒருக்கா இதைப் பார்த்துச் சொல்லும்" என்று சட்டைப் பையிலிருந்து கொட்டேசனை எடுத்துத் தந்தார். அவரும் அன்ரியும் மட்டும்தான் வீட்டில். 32 யுனிற் பற்றரி. அரசு கழிவு 8,576 டொலர் என்று ஒரே ஒரு வரி. 32 ஐ 8.4 ஆல் பெருக்கித் தசமத்தை விட்டால் 268 சான்றிதழ். பிரித்தால் ஒன்றுக்கு 32 டொலர். ஒன்றுக்கு 38 டொலர் கொடுத்திருந்தால் 10,184 வந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அவர்களுடைய பாவனை விபரத்தை எடுத்துப் பார்த்தால் இரவில் ஏழு யுனிற்றைத் தாண்டவில்லை. வாசலில் வைத்துப் போட்ட ஒப்பந்தம் என்பதால் பத்து வேலை நாட்களுக்குள் ரத்துக் கடிதம் எழுதி அனுப்பினோம். முற்பணம் முழுதாகத் திரும்பி வந்தது.

இப்போது அவர் வேறு ஒரு கொம்பனியிடம் 10 யுனிற் பற்றரி எடுத்திருக்கிறார். 84 சான்றிதழ், ஒன்றுக்கு 38 டொலர், 3,192 டொலர் கழிவு, எல்லாம் கொட்டேசனில் தனித்தனி வரியாக இருக்கிறது. பூட்டும் திகதி ஏப்ரல் கடைசி வாரம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. யுனிற்றுக்கு எத்தனை சான்றிதழ் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் காசு கட்டிய நாளும் இல்லை, ஒப்பந்தம் போட்ட நாளும் இல்லை. பூட்டி முடித்து மின்வேலைச் சான்றிதழில் கையெழுத்து வைக்கும் நாள்தான் கணக்கு. மழையோ ஆள் தட்டுப்பாடோ வந்து மே மாதத்துக்குத் தள்ளிப்போனால் 84 சான்றிதழ் 68 ஆகிவிடும். 608 டொலர் குறையும். பல கொம்பனிகளின் ஒப்பந்தத்தில் அந்தக் குறைவை வாடிக்கையாளர்தான் ஏற்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. கொம்பனியின் பக்கத்தால் பிந்தினால் அந்த 608 டொலரைக் கொம்பனியே ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அங்கிளின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. இன்று காலை சம்மதம் என்று எழுதி, திருத்திய ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார்கள். பின்னேரம் வேலை முடிந்து போய், அங்கிளோடு இருந்து அதை முழுவதும் வாசித்துவிட்டு, பிறகுதான் கையெழுத்து.